ஏழு குற்றச்சாட்டுகளில் ஒன்று

முதல் அறிகுறி எனக்கு நோயாகத் தெரியவில்லை. பாதுகாப்புக் குறைபாடாகத் தெரிந்தது. எங்கள் படுக்கையறை பீரோவின் மேல் இரண்டு ஆட்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கேட் பாஸ் இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் டீயை ஊதிக் குடித்தார்கள்.

இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அது. கல்கத்தாவின் கிடர்பூர் பகுதியில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள், ஊழியர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி. இரு தரப்பையும் கேட்காமல் எந்தப் புகாரையும் முடித்ததில்லை. அப்படிப்பட்ட நான் படுக்கையில் இருந்தபடி எழுதிய ஒரு புகாரால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. அதில் எவ்வளவு நியாயம் என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. வீட்டில் பராமரிப்பாளர் வைக்கப்போகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அறுவைக்குப் பின் சிறுநீர் தானாகப் பிரியவில்லை. ஆகவே கதீட்டருடன் (சிறுநீரை வெளியேற்றப் பொருத்தும் குழாய்) வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆள் தேடும் வேலையை மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்கிவிட்டேன். கல்கத்தாவில் இதற்கு ஆயா சென்டர் என்று பெயர். பெயர்ப்பலகையில் மட்டும் ‘ஹோம் கேர்’ என்றிருக்கும். இருபத்திரண்டு நிபந்தனைகள் எழுதி மூன்று சென்டர்களுக்கு அனுப்பினேன். இரண்டு சென்டர்கள் என்னை மரியாதையாகத் தவிர்த்தன. மூன்றாவதன் மேனேஜர் நேரில் வந்து, “ஸார், எங்கே சைன் போடணும், அதை மட்டும் சொல்லுங்க” என்றார். போட்டார். பதினான்காவது நிபந்தனை இது: எந்தச் சூழ்நிலையிலும் நோயாளியைக் கட்டக் கூடாது.

வந்தவள் மினோதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். சோனார்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள்; காலை எட்டிலிருந்து மாலை எட்டு வரை. அனுபவம் பத்து வருடம், பயிற்சிச் சான்றிதழ் இல்லை. நான் ஆட்சேபித்தேன்.

“சர்டிபிகேட்டா வந்து உங்களைக் குளிப்பாட்டப் போறது?” என்றாள் என் மனைவி ஜெயம். தற்காலிகமாக அனுமதித்தேன்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. காலையில் செய்தித்தாள் படித்தேன், மாத்திரைகளின் பெயரைச் சரிபார்த்தேன். மத்தியானத்துக்கு மேல் பீரோவின் மேல் கூட்டம் சேர்ந்தது. ஆறாம் நாள் காலை ஜெயம் என் இடது மணிக்கட்டைப் பார்த்தாள்.

“ஏன்னா, இது என்ன தடம்?”

“மினோதி கட்டிப்போட்டா. எல்லாம் எழுதியிருக்கேன். போட்டோ எடுத்து சென்டருக்கு அனுப்பு.”

“உங்க இங்கிலீஷைப் படிக்க எனக்கு ஏது நேரம்?” என்று சொல்லிக்கொண்டே அனுப்பினாள். அவள் பல நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. தடம் வேறு கண்ணெதிரே இருந்தது. பத்து மணிக்குள் சென்டரிலிருந்து மினோதிக்குப் போன் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜெயம் கோபத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்து வந்த பெண்ணிடம் எல்லாச் சான்றிதழ்களும் இருந்தன. நிபந்தனைகளைப் படித்துவிட்டே உள்ளே வந்தாள். மூன்றாம் நாள் அவள் கஞ்சி எடுக்கச் சமையலறைக்குப் போன இடைவெளியில் நான் கதீட்டரைப் பிடுங்கி எறிந்தேன். படுக்கையெல்லாம் ரத்தம். மறுபடி ஆம்புலன்ஸ்.

“எத்தனை நாளா இப்படிப் பேசறார்?” என்று ஜெயத்திடம் கேட்டார் இளம் டாக்டர்.

“இவர் எப்பவுமே இப்படித்தான் பேசுவார், டாக்டர். அதனாலதான் கண்டுபிடிக்க முடியலை.”

சிறுநீரில் கிருமித்தொற்று, அதனால் டெலிரியம் (முதியவர்களுக்குத் தொற்றாலோ மருந்தாலோ திடீரென வந்து, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் காட்டும் மனக்குழப்பம்) என்றார். காலையில் தெளிவாக இருப்பதைப் பார்த்து வீட்டார் ஏமாந்துபோவார்களாம். நோயாளியும் ஏமாறுவான் என்பதை அவர் சொல்லவில்லை. ஊசி மருந்து ஏறிய ஐந்தாம் நாள் பீரோவின் மேல் யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புகாரைப் படித்தேன். ஏழு குற்றச்சாட்டுகள், எண்ணிட்டு, நாளும் நேரமும் குறித்து. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மூன்றாவது: அனுமதியின்றி நுழைந்தவர்களுக்கு எங்கள் வீட்டு டம்ளரில் டீ கொடுத்தது. ஐந்தாவது: என் கட்டிலைப் படகுத்துறைக்கு நகர்த்தியது. முதலாவது: இடது கையைக் கட்டியது.

மேனேஜரைப் போனில் அழைத்தேன். “இதையெல்லாம் படித்துமா அவளை நிறுத்தினீர்கள்?”

“முதல் பாயின்ட் படிச்சேன் ஸார். உங்க பதினாலாம் கண்டிஷன். அதுக்கு மேல படிக்கலை.”

“அவளைக் கேட்டீர்களா?”

“எதுக்கு ஸார்? நீங்களே எழுத்துல கொடுத்துட்டீங்களே.”

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மினோதியே வந்தாள். ஹவுராவில் ஒரு சென்டரில் சேர முயன்றுகொண்டிருந்தாள். கடைசியாக வேலை பார்த்த வீட்டிலிருந்து கடிதம் வேண்டும், மறுநாளே காட்ட வேண்டும் என்றாள். கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை. நான் வாக்கரைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் பேச்சு வங்காளத்தில் நடந்தது; அவள் என்னை மேஷோமஷாய் (சித்தப்பா) என்றும் ஜெயத்தை மாஷிமா (சித்தி) என்றும் அழைப்பாள். விசாரணை தானாகவே தொடங்கிவிட்டது.

“கட்டினாயா?”

“கட்டினேன், மேஷோமஷாய். உங்க கம்ச்சா துண்டாலதான். கத்திரியை வெச்சுக்கிட்டு குழாயை வெட்டப் போனீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“மாஷிமா மருந்து வாங்கிட்டு வர்ற வரைக்கும். அவங்க உள்ளே வர்றதுக்கு முன்னாடி அவுத்துட்டேன். ஒரு கையைத்தான் கட்டினேன். இன்னொரு கையை நான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“யாரிடமாவது சொன்னாயா?”

“சூப்பர்வைசருக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன், ஐயா தப்பாப் பேசறார், உடம்பும் சுடுதுன்னு. வயசானவங்க அப்படித்தான்னு வெச்சுட்டாங்க. மாஷிமாகிட்டயும் சொன்னேன்.”

ஜெயம் தலையைக் குனிந்துகொண்டாள். “சொன்னா. நான்தான் மாத்திரை மயக்கம்னு நெனச்சுண்டேன்” என்றாள் என்னிடம் தமிழில்.

புகாரில் எழுதிய ஏழையும் அவளுக்குச் சொல்லிவிட்டு நான் காகிதம் எடுத்தேன். மினோதி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“கட்டினதை எழுதாதீங்க, மேஷோ.”

“நடந்ததை எழுதாமல் எப்படி விடுவது?”

“நடக்காததை ஆறு எழுதினீங்களே. நடந்தது ஒண்ணை விட்டா என்ன?”

ஜெயம் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுவது தவறு என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. மணிக்கட்டில் ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம், நான் உருண்டு விழுந்திருக்கலாம். ஆனால் கட்டாதபோது என்ன ஆயிற்று என்பதை ரத்தத்தில் நனைந்த மெத்தை சொன்னது. உடம்பு சுடுகிறது என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

விட்டுவிட்டேன். பொறுமையானவள், கவனமானவள், நோயாளியின் நிலை மாறியதை முதலில் கண்டவள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஓர் அறிக்கையிலிருந்து தெரிந்தே ஓர் உண்மையை நீக்கியது அதுவே முதல் முறை. ஜெயம் அந்த ஆங்கிலத்தை வங்காளத்தில் சொல்லிக் காட்டினாள். மினோதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வேலை கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். “ரெண்டு பஸ் மாத்திப் போறேன். ஆனா அந்த வீட்டுத் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மேஷோ. நிம்மதி.”

அந்தத் தாத்தா கத்திரியை எடுத்தால் அவள் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் இருபத்திரண்டு நிபந்தனைகளுக்குப் பதிலாக இப்போது இரண்டைத்தான் பரிந்துரைப்பேன், அவை பழைய பட்டியலில் இல்லாதவை. ஆயா போன் செய்து நோயாளி சரியாக இல்லை என்றால் மறுமுனையில் யார் கேட்பார்கள் என்று கேளுங்கள். புகார் வந்தால் அவளிடம் விசாரிப்பார்களா என்றும் கேளுங்கள். உடனே ஆளை மாற்றித் தருவோம் என்று பெருமையாகச் சொன்னால் அடுத்த சென்டருக்குப் போங்கள்.

இப்போது கைத்தடியுடன் நடக்கிறேன். இடது மணிக்கட்டு கைக்கடிகாரத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. வலது கையை ஒருத்தி வெகுநேரம் பிடித்திருந்தாளாம். அந்தக் கைக்கு ஒன்றுமே நினைவில்லை. அந்த நாட்களை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. அவை எங்கே முடிந்தன என்பதும் சரியாகத் தெரியவில்லை. மினோதிக்குக் கடிதம் எழுதியபோது தெளிவாக இருந்தேன் என்றே நம்புகிறேன். புகாரை எழுதியபோதும் அப்படித்தான் நம்பினேன்.