அப்பாவுக்குக் காவல் போன பொங்கல்

எங்கள் மலையில் பொங்கல் சமயத்தில் யார் வீட்டிலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பங்காளி வீடு, மாமன் மச்சான் வீடு என்று ஒன்று விடாமல் ஏறி இறங்க வேண்டும். போன இடத்தில் உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். வாசலோடு திரும்பினால் அடுத்த பொங்கல் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் மூன்றாவது படிக்கும்போது இந்த வழக்கத்துக்கு நடுவில் அப்பாவின் சக்கரை வியாதி வந்து உட்கார்ந்துகொண்டது.

முள் குத்திய கால் விரல் ஆறவே இல்லை. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், வாயைக் கட்டாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வியாதிக்காரன் என்று பேர் வாங்க அவருக்கு வெட்கம். அம்மாவுக்கு அவரைத் தனியாக அனுப்பப் பயம். வருகிறவர்களுக்குப் பரிமாற அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே அவள் கண்டுபிடித்த வைத்தியம் நான்.

"அப்பா பக்கத்துலயே குந்திக்கோ. காயும் கொழம்பும் மொதல்ல துன்னட்டும். இனிப்பு ஒரு வாய்தான். மீதிய நீ எடுத்துத் துன்னுடு" என்று எனக்குச் சொன்னாள். அப்பாவிடம், "பசிக்குதான்னு பாத்து துன்னுங்க. அவங்க மூஞ்சியப் பாத்து துன்னாதீங்க" என்றாள்.

அடடா, இதைவிட நல்ல உத்தியோகம் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்! போன வீட்டிலெல்லாம் அப்பா ஊர்க்கதை பேசிக்கொண்டே காயை மெல்ல மெல்ல மென்றார். அவர் இலை இனிப்பெல்லாம் என் வாய்க்குள் போனது. மத்தியானத்துக்குள் என் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. என் வயிற்றைப் பற்றி அம்மா யோசிக்கவே இல்லை, பாவம்.

கடைசியாகப் போனது அத்தை வீடு. அப்பாவின் தங்கை. ஒரு புளியமரம் யாருக்கு என்ற சண்டையில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சே கிடையாது. எனக்கு நினைவு தெரிந்து அங்கே நாங்கள் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அந்த வருஷம் அத்தையே ஆள் அனுப்பி அழைத்திருந்தாள். அப்பா சாப்பிட்டால் சண்டை தீர்ந்தது. சாப்பிடாமல் எழுந்தால் ஜென்மத்துக்கும் ஒட்டாது.

வெல்லம் போட்ட சாமைப் பொங்கலை அத்தை இலையில் குவித்தாள். நெய் ஓடியது.

"துன்னுண்ணா, உனக்குன்னு செஞ்சது" என்றாள்.

அப்பா ஒரு வாய் எடுத்தார். பிறகு இன்னொரு வாய். நான் முழங்கையால் இடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அத்தையின் முகம் மலர மலர அவர் கை வேகமாகப் போனது. அம்மா சொன்ன மூஞ்சி இதுதான் என்று எனக்கு உறைத்தது. எடுத்துத் தின்னலாம் என்றால் வயிற்றில் இடமில்லை. விரலை எடுத்துவிடுவார்களே என்ற பயத்தில் இலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

பரிமாறின இலையை இழுப்பது எங்கள் பக்கம் உறவை அறுப்பதற்குச் சமம். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணி சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா?" என்றாள் அத்தை.

"அப்பாவுக்குச் சக்கரை! இதத் துன்னா கால் வெரல எடுத்துடுவாங்க!" என்று ஓவென்று அழுதேன்.

அத்தை அப்பாவின் காலைப் பார்த்தாள். துணி சுற்றிய விரலை அப்போதுதான் கவனித்தாள்.

"இன்னாண்ணா இது? என்னாண்டகூடச் சொல்லக் கூடாதா?"

"நீ எங்க எங்கூட பேசினு இருந்த" என்றார் அப்பா.

அத்தை உள்ளே போனாள். வெளியே வர நேரமாயிற்று. வந்தவள் வேறு இலை போட்டு, வெறும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கீரையும் வைத்தாள். "கை நனைக்கணும்னுதான வழக்கம்? இனிப்புலதான் நனைக்கணும்னு எவன் சொன்னான்?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டாள். மாமா மறுபடி உட்கார்ந்தார்.

அப்பா நிதானமாகச் சாப்பிட்டார். அன்றைக்கு வேறெந்த வீட்டிலும் அவர் அப்படி ரசித்துச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அத்தையும் தனக்கு அதையே போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மாமா பொங்கல் பானையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு வேணாம். எனக்கு இனிப்பே புடிக்காது" என்று அதை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அப்பா வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அவளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வெல்லத்தை எங்கே ஒளித்தாலும் மோந்து கண்டுபிடிக்கிற தங்கச்சியோடு வளர்ந்தவர் அவர். எனக்கென்ன தெரியும்! இனிப்பு கிடைக்காத ஏக்கத்தில் மனுஷன் அழுகிறார் என்று நினைத்தேன். இனி வருகிற பொங்கலுக்கெல்லாம் அத்தையின் பங்கும் எனக்குத்தான் என்று சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தேன்.