ஊற்று குணமாக்கிய முழங்கால்

எங்கள் ஊர் வைமஹானாவில் பூமிக்கடியிலிருந்து வெதுவெதுப்பாக வரும் தண்ணீர் சோடா உப்பு கரைத்ததுபோல ருசிக்கும். தோலில் பட்டால் வழுவழுக்கும். அதைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மீதியை ஊற்றைச் சுற்றியுள்ள பூங்காவின் வாசலில் உள்ள பலகை சொல்கிறது: மூட்டுவலி, அஜீரணம், நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு எல்லாம் தீருமாம். ஊற்றைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆங்கிலேயர் என்றும் அதே பலகை சொல்கிறது. அவர் கண்டுபிடித்தபோது இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகள் அதில் குளித்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு அது பொருட்டில்லை.

பலகை மட்டும் போதாது, சாட்சியும் வேண்டும். எங்கள் சாட்சி மெர்வின் பிராடக்.

மெர்வின் பால் லாரி ஓட்டியவர். இளவயதில் ரக்பி ஆடும்போது வலது முழங்கால் பிசகியது. ஒரு கோடை முழுவதும் தடியூன்றி வந்து ஊற்றுக் குளத்தில் உட்கார்ந்தார். கால் சரியானது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த வயதில் சரியாகியிருக்கும். ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. குணமானவர்கள் தங்கள் தடியைக் குளியல் மண்டபச் சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். சுவரில் தொங்கும் தடிகளுக்கு உரியவர்கள் எல்லோரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள், மெர்வினைத் தவிர. ஆகவே பூங்காக் குழு அவரைப் பிடித்துக்கொண்டது. விளம்பரத் தாளில் அவர் படம் வந்தது. கோடைத் தொடக்கத்தில் வரும் நீராட்டு நாளன்று, ஊரார் பூட்டன் காலத்து உடை போட்டுக்கொண்டு நிற்க, பேண்டு வாத்தியம் முழங்க, கைப்பிடியைத் தொடாமல் முதலில் படியிறங்குபவர் அவர்தான்.

உழைத்துச் சம்பாதித்த புகழைக்கூட மனிதன் சில சமயம் உதறிவிடுவான். தானாக வந்து ஒட்டிக்கொண்ட புகழை உயிரே போனாலும் விடமாட்டான்.

எழுபதைத் தாண்டியபோது அந்த முழங்கால் தேய்ந்தே போனது. தடி பிடித்தால் மானம் போகும். அதனால் மெர்வின் குடை பிடித்தார். மேய்ச்சல் நிலம் காய்ந்து மாடுகள் தவித்த வறட்சியிலும் குடையை ஊன்றிக்கொண்டு, "சாயங்காலம் மழை வரும்னு தோணுது" என்றபடி தபாலாபீஸ் போனார். ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை இங்கே நாகரிகம் என்பார்கள்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் ஹாமில்டன் ஆஸ்பத்திரியின் காத்திருப்போர் வரிசையில் அவர் முறை வந்தது. பக்கத்து வீட்டில் இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"போன் வந்துச்சு, மெர்வ். அடுத்த மாசம் முழங்கால் மூட்டு மாத்திடலாமாம்" என்றாள் அவர் மனைவி நோலீன்.

"மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு."

"நீ நொண்டறது ஜன்னல் வழியாத்தான் ஊருக்குத் தெரியணுமா?"

"கிரெஹாம் என்ன சொல்வான்?"

"கிரெஹாமா தினமும் உன்னைக் கக்கூசுக்குப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான்?"

குழுத் தலைவர் கிரெஹாம் மறுநாளே வந்தார். "ஏம்பா மெர்வின், நீராட்டு நாள் வரைக்கும் பொறுத்துக்கயேன். நீயே ஆஸ்பத்திரிக்குப் போனா, அப்புறம் நம்ம தண்ணி எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? இந்த ஊருல வேற என்ன இருக்கு?"

"இப்ப விட்டா மறுபடி வரிசையில கடைசிதான்" என்றாள் நோலீன். "வேற என்ன இருக்குன்னா கேக்கறே? பார்க்குல ஒரு கக்கூஸ் இருக்கு. அதையாவது கழுவி வைங்க."

காலா, பெயரா என்று மெர்வின் ஒரு வாரம் யோசித்தார். கடைசியில், டனீடனில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஹாமில்டனுக்குப் போனார். திரும்பி வந்தபின் நோலீன் மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையே ஊருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. எல்லோரும் தங்கையின் நலத்தை விசாரித்தார்கள்.

நீராட்டு நாளன்று மற்றவர்கள் முழங்கால் தெரியும் கோடுபோட்ட குளியலாடையில் நின்றார்கள். மெர்வின் முழுக் கால்சட்டையோடு இறங்கினார். அழகாகவே இறங்கினார். கைதட்டல் எழுந்தது. ஆக்லாந்திலிருந்து வந்திருந்த ஐலா என்ற பெண்மணி, தடியை ஊன்றிக்கொண்டு குளக்கரை வரை வந்தாள்.

"உங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் வந்தேங்க. எனக்கும் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டாங்க. வேணாம்னு சொல்லலாம்னு இருக்கேன். உங்களுக்கு நெசமாவே இந்தத் தண்ணிதான் குணமாக்குச்சா?"

கிரெஹாம் தொண்டையைச் செருமினார். மெர்வின் தண்ணீரைப் பார்த்தார். "பொறுமை வேணும்மா" என்றார்.

"பொறுமையா!" ஸ்கோன் ரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நோலீன் கரையோரம் வந்துவிட்டாள். "கால்சட்டையைத் தூக்கிக் காட்டு, மெர்வ்."

"இங்க வேணாம், நோலீன்."

"நீயே தூக்கறியா, நான் இறங்கி வரட்டுமா?"

அவர் படியில் உட்கார்ந்து சுருட்டினார். முழங்காலின் நடுவே நீளமாக, இன்னும் சிவப்பு மாறாத தழும்பு. பேண்டு வாத்தியம் நின்றது. அந்த ஆண்டு எங்கள் ஊரில் நடந்தவற்றுள் நான் பாராட்டக்கூடிய ஒரே காரியம் நோலீன் செய்தது. ஊற்றின் பொய் அன்றோடு ஒழிந்தது என்றுகூட நினைத்தேன். புத்தகம் படிப்பவனுக்கு வரும் மடமை அது.

ஐலா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "அடேயப்பா, எவ்வளவு நல்லா ஆறியிருக்கு! இந்தத் தண்ணியாலயா?"

"பின்னே?" என்றார் கிரெஹாம், எல்லோருக்கும் கேட்கும்படி.

மெர்வின் மனைவியைப் பார்க்காமல் தலையாட்டினார். வாத்தியம் மறுபடி தொடங்கியது. நோலீன் தட்டை அப்படியே புல்லில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஐலா அறுவை செய்துகொண்டாள் என்பது மட்டும் ஆறுதல். அடுத்த ஆண்டு தழும்போடு வந்து குளத்தில் உட்கார்ந்தாள். அவளைப் போல இன்னும் பலர் வருகிறார்கள். கழுத்தளவு நீரில் அமர்ந்து ஒருவர் தையலை ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நடுவில் மெர்வின் தீர்ப்புச் சொல்கிறார். விளம்பரத் தாளில் இப்போது தழும்பின் படம்தான் இருக்கிறது. கத்தி வைத்த மருத்துவரின் பெயர் அதில் இல்லை.

அவருடைய இடது முழங்காலும் தேய ஆரம்பித்திருக்கிறது. இம்முறை தங்கையைத் துணைக்கு இழுக்க வேண்டியதில்லை. ஹாமில்டனுக்குத் தன் காரிலேயே கொண்டுபோய் விடுவதாகக் கிரெஹாம் சொல்லியிருக்கிறார்.