சபரிநாதனுக்கு ஈடு

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, சூரமங்கலம் ஜங்ஷன் கால்பந்து அணியின் அலுவலகத்துக்கு ஒரு கோழித்தீவனச் சாக்கு வந்து சேர்ந்தது. அலுவலகம் என்றால் மைதானத்தை ஒட்டிய ஒற்றை அறை, ஒரு மேஜை, பந்துகள் தொங்கும் ஒரு வலை, அவ்வளவுதான். மேலாளர் கௌசியா சாக்கைப் பிரித்தாள். உள்ளே அவளுடைய அணியின் ஜெர்சிகள் நான்கு, துவைத்து இஸ்திரி போட்டு மடிக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு துண்டுச் சீட்டு. "இனி இவங்களுக்கு இது தேவைப்படாது. அப்புசாமி, திருச்செங்கோடு."

நான்கு பேரும் அவளுடைய முக்கிய ஆட்டக்காரர்கள். ஜனவரியோடு அவர்களின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. முடிந்தவன் எந்த அணிக்கும் போகலாம், அது லீக்கின் சட்டம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் ஓட்டிப் பெரிய ஆளான அப்புசாமி, அவளால் தரவே முடியாத சம்பளத்தைக் காட்டி நான்கு பேரையும் ஒரே வாரத்தில் தன் அணிக்கு அழைத்துக்கொண்டார். அவர்களில் சபரிநாதனும் ஒருவன். வெண்ணந்தூர்த் தறிக்காரர் வீட்டுப் பையன். பதினேழு வயதில் அவனைக் கண்டுபிடித்து, கணுக்கால் முறிந்தபோது ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கும் மைதானத்துக்குமாக அலைந்து, மறுபடியும் ஓட வைத்தவள் கௌசியா.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பகலில் பார்சல் அலுவலகத்தில் ஒப்பந்த எழுத்தர். சாயங்காலம் அணி. எட்டு வருடமாக அப்படித்தான். அந்தச் சாக்கை அவள் தூக்கிப் போடவில்லை. ஜெர்சிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த வாரம் சேலத்தில் லீக் கூட்டம். எட்டு அணிக்காரர்களும் வந்திருந்தார்கள். டீ இடைவேளையில் அப்புசாமி எல்லோர் காதிலும் விழும்படி பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, சாக்கு வந்து சேந்துச்சுங்களா? ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டீமு இனி தனியா நின்னு என்ன பண்ணப் போவுது? எங்க பசங்களுக்குப் பழக்கம் பண்ணிக்க ஒரு டீமு வேணும். வாரத்துல ரெண்டு நாளு அனுப்பி வைங்க. பஸ் செலவு நாங்க குடுத்தர்றோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கௌசியாவும் சிரித்தாள். "யோசிச்சுச் சொல்றேங்கண்ணா" என்றாள். கையிலிருந்த டீ ஆறிப் போகும்வரை அவளால் அதை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் லீக்கின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பார்சல் அலுவலகத்தில் இருபது வருடம் விதிகளோடு மல்லுக்கட்டியவள் அவள். யாரும் படிக்காத பகுதியில்தான் விஷயம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினேழாம் விதியில் அது இருந்தது.

ஒவ்வொரு ஜனவரியிலும் லீக்கில் டிராஃப்ட் நடக்கும். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நாள் அது. முதல் சுற்றில் கடைசி இடம் பிடித்த அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில்; அடுத்தடுத்த சுற்றில் வரிசை மாறி மாறித் தலைகீழாகும். பதினேழாம் விதி அதற்கு மேல் ஒன்றைச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்து போனவர்களை ஓர் அணி இழந்தால், அடுத்த டிராஃப்டில் அதற்கு ஈடாகக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். அதிகபட்சம் நான்கு. போனவனுக்குப் புது அணி எவ்வளவு அதிகச் சம்பளம் தருகிறதோ, அவன் எத்தனை ஆட்டம் இறங்குகிறானோ, அந்த அளவுக்கு அந்த வாய்ப்பு முன்னால் வரும். மூன்றாம் சுற்றின் முடிவில் கிடைப்பதுதான் இருப்பதிலேயே உயர்ந்தது. ஆனால் இழந்த அணியும் அதேபோல ஒப்பந்தம் முடிந்த ஒருவனை வெளியிலிருந்து எடுத்தால், ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகும். மே பத்தாம் தேதிக்குப் பிறகு எடுக்கப்படுபவர்கள் மட்டும் கணக்கில் வரமாட்டார்கள்.

அணியின் உரிமையாளர் மாதையன், ஜவ்வரிசி ஆலைக்காரர். மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து மூன்று ஆட்டக்காரர்களின் பெயரோடு வந்து நின்றார்.

"இவங்களைப் புடிச்சுப் போடும்மா. ஊரே சிரிக்குது."

"மே பத்து வரைக்கும் ஒருத்தரும் வேண்டாங்க."

"அப்புறம் யாரு இருப்பா? கழிச்சுப் போட்டவனுங்கதான் இருப்பானுங்க."

"அவங்களை வச்சே ஆடறேன். ஒரு வருசம் தோத்துப் போறதுக்கு மட்டும் நீங்க ஒத்துக்குங்க."

மாதையன் அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கு இது பிசினஸும்மா. உனக்கு வேற என்னமோ" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

தோற்றார்கள். பதினாலு ஆட்டத்தில் பத்து. திருச்செங்கோட்டில் அப்புசாமியின் அணியிடம் ஆறு கோல் வாங்கினார்கள். ஒவ்வொரு கோலுக்கும் தாரை தப்பட்டை அடித்தார்கள். சபரிநாதன் மட்டும் மூன்று போட்டான். கௌசியா கோட்டோரம் கடைசிவரை நின்று பார்த்தாள். சபரி கோல் போடப் போட அவனுடைய மதிப்பு ஏறுகிறது, தன்னுடைய வாய்ப்பும் முன்னால் நகர்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு தடங்கல். ஒன்பது ஆட்டம் ஆடிய சபரிநாதன் அடுத்த இரண்டில் இறங்கவில்லை. பழைய கணுக்கால் வீங்கியிருந்தது. பத்து ஆட்டமாவது இறங்காதவனுக்கு ஈடாக மூன்றாம் சுற்று வாய்ப்பு கிடையாது. ஐந்தாம் சுற்றுக்குப் போய்விடும்.

கௌசியா திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறினாள். சபரி தங்கியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அவளைப் பார்த்ததும் அவன் நொண்டிக்கொண்டே எழுந்தான்.

"அக்கா... உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்குதுங்க."

"உக்காரு. கால நீட்டு."

முறிவுக்குப் பிறகு அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த கணுக்கால் பட்டையைக் கொண்டு போயிருந்தாள். அதை எப்படிக் கட்டினால் வலி குறையும் என்று அவளுக்குத்தான் தெரியும். கட்டிவிட்டாள். பழைய டாக்டரிடம் தானே பேசி அவனை அனுப்பினாள். அவன் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கௌசியா அவன் தலையைத் தொட்டாள். அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடியது ஒரே எண், பத்து. டாக்டர் ஆடலாம் என்றார். சபரி மிச்சமிருந்த மூன்று ஆட்டத்திலும் இறங்கினான். அப்புசாமி கோப்பை வாங்கினார்.

அந்த வருடம் முழுவதும் அவள் அப்புசாமியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். எந்த ஊர்ப் போட்டிக்குப் போகிறார், யாரோடு பேசுகிறார், எல்லாம். அப்படித்தான் மல்லசமுத்திரத்தில் ஒரு நோம்பித் திருவிழாப் போட்டியில் தனுஷைப் பார்த்தாள். பத்தொன்பது வயது. அப்புசாமியின் ரிக் வண்டியில் வேலை. இரண்டு காலிலும் அடிப்பான். அப்புசாமி அவனை வேறு எந்தப் போட்டிக்கும் விடாமல், யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார். டிராஃப்டில் நிதானமாக நான்காம் சுற்றில், கோப்பை வென்ற அணியாக முதல் ஆளாய் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

ஜனவரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் டிராஃப்ட். மூன்றாம் சுற்றில் கடைசியாக அப்புசாமி ஒரு கோல்கீப்பரை எடுத்தார். சுற்று முடிந்தது என்று காபிக்கு எழுந்தார். மேடையிலிருந்த லீக் செயலாளர் மைக்கில் சொன்னார்.

"பதினேழாம் விதிப்படி கூடுதல் வாய்ப்பு. சூரமங்கலம்."

கௌசியா எழுந்தாள். "தனுஷ். மல்லசமுத்திரம்."

அப்புசாமி நின்ற இடத்திலேயே திரும்பினார். "என்னுங்க இது? அது என்ற ரிக் வண்டிப் பையனுங்க! இவங்களுக்கு எதுக்கு எச்சா ஒண்ணு?"

"எச்சா ஒண்ணு இல்லீங்க, நாலு" என்றார் செயலாளர். விதியைப் படித்துக் காட்டினார்.

கௌசியா அப்புசாமியைப் பார்த்துத்தான் பேசினாள். சத்தமாகவே பேசினாள். "நாலும் நீங்க குடுத்ததுதாங்கண்ணா. சபரிக்கு நீங்க குடுத்த சம்பளந்தான் இந்த மூணாவது சுத்து. இன்னும் கொஞ்சம் கம்மியாக் குடுத்திருந்தீங்கன்னா தனுஷு உங்களுக்குத்தான்."

இந்த முறை யார் சிரித்தார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புசாமியின் காது சிவந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடுதலாகக் கிடைத்த நால்வரும் தங்கமாக அமைந்துவிடவில்லை. ஒருவன் ஒரே மாதத்தில் போலீஸ் வேலைக்குப் போய்விட்டான். இன்னொருவனுக்கு முழங்கால் போனது. தடுப்பாட்டக்காரன் ஒருவனும் தனுஷும் நிலைத்தார்கள். அது போதுமானதாக இருந்தது. ஆகஸ்டில் சூரமங்கலத்தில் நடந்த ஆட்டத்தில் திருச்செங்கோடு இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. இரண்டும் தனுஷின் கோல். இரண்டாவது கோலுக்கே அப்புசாமி காரில் ஏறிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் சபரிநாதன் நேராக அவளிடம் வந்தான். யாரோ அவனுக்குக் கணக்கை விளக்கியிருந்தார்கள்.

"அக்கா, அன்னைக்குப் பட்டை கட்ட வந்தீங்களே. எனக்காகத்தான வந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான்.

"இல்ல சபரி. நீ ஒரு ஆட்டமாவது இறங்கணும்னு வந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். பூட்ஸைக் கழற்றி, காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மைதானத்தைக் கடந்து போனான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை.

"வருத்தமா இருக்குதாம்மா?" என்று மாதையன் ஒருநாள் கேட்டார்.

"சபரி விசயத்துல இருக்குதுங்க. தூக்கத்துலகூட வாரான். அந்தாளு விசயத்துல துளிகூட இல்லீங்க."

அடுத்த வருடக் கூட்டத்தில், பதினேழாம் விதியை நீக்க வேண்டும் என்று அப்புசாமி மனு கொடுத்தார். பணம் செலவழிப்பவனைத் தண்டிக்கும் விதி என்று அரை மணி நேரம் பேசினார். கைதூக்கச் சொன்னார்கள். அவரோடு சேர்ந்து தூக்கியது இன்னொருவர் மட்டும். மீதி ஆறு பேரும் எதிராகத் தூக்கினார்கள். கௌசியாவின் கைதான் முதலில் எழுந்தது, எண்ணி முடித்த பிறகும் இறங்கவில்லை. செயலாளர்தான், "போதுங்கம்மா, இறக்கிக்குங்க" என்றார்.

அப்புசாமி அவளைக் கடந்து வாசலுக்குப் போனார். "சந்தோசந்தானுங்களே?" என்றார், நிற்காமலே.

"ரொம்பங்கண்ணா" என்றாள் கௌசியா.