மூன்று முழம் இருட்டு

பேய்ப் பட டிரெய்லர் பார்த்தால் எனக்குப் பயம் வராது. கோபம் வரும். பேரப்பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆச்சி, இதைப் பாருங்க, பயந்துருவிய" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். "இப்ப சத்தம் நிக்கும் பாருலே. ஒண்ணு, ரெண்டு, மூணு... இந்தா வந்துட்டா சவத்து மூதி" என்பேன். சொன்ன இடத்தில் கரெக்டாக வருவாள். ஆச்சிக்கு எப்படித் தெரிந்தது என்று பிள்ளைகள் வாயைப் பிளக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த ஒரு பாடத்தை மட்டும் பாக்கி வைக்காமல் படித்திருக்கிறேன். அதை வைத்து நான் செய்த கெடுதலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தென்காசியில் ஒரு சினிமாக் கொட்டகையில் அம்மாவின் தம்பி, என் மாமா, ஆபரேட்டர். மத்தியானம் பள்ளிக்கூட மணி அடித்ததும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. தூக்குவாளியை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமல் கேபின் ஓட்டை வழியாகப் பகல் காட்சி பார்ப்பேன். அந்த வருஷம் ஆனி மாதம் ஒரு பேய்ப் படத்தின் டிரெய்லர் வந்தது. தினமும் இடைவேளையில் அதை ஓட்டினார்கள்.

மிஷின் போடும் கடகட சத்தத்தில் படத்தின் சத்தம் கேபினுக்குள் கேட்காது. அதனால் அந்தப் பேயை முதலில் ஊமையாகத்தான் பார்த்தேன். கோலமாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள். சிரித்துவிட்டேன். "கீழ போய் உக்காந்து பாரு, அப்பத் தெரியும் ஒன் வீரம்" என்றார் மாமா. மறுநாள் கீழே போய்ப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதே மாவுக்காரிதான். பாவாடையை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த அவமானம்தான் என்னைப் படிக்க வைத்தது. அவள் வருகிற அந்த ஒரு இடத்தைப் பத்து நாள் பார்த்தேன். ஒரு பெண் விளக்கோடு நடப்பாள். காமிரா அவள் முதுகுக்குப் பின்னாலேயே போகும். பின்னால் போவது யார் என்று படம் எடுத்தவன் காட்டவே மாட்டான். அப்படியென்றால் போவது நாம்தானே? அவள் திரும்பிவிடக் கூடாதே என்று நமக்கே பதறும். பிறகு கதவுத் தாழ்ப்பாள். அவள் கண். தாழ்ப்பாள். கண். முதலில் நின்று நிதானமாகக் காட்டுவான். போகப் போக வெட்டி வெட்டி வீசுவான். மேளம் பைய ஆரம்பித்து ஓட்டமெடுக்கும். திடீரென்று மேளமும் இல்லை, படமும் இல்லை. வெறும் இருட்டு. நான் அஞ்சு எண்ணுகிற வரைக்கும் இருட்டு. அப்புறம்தான் அவள்.

ஒரு நாள் அந்த இருட்டில் பிலிம் அறுந்துவிட்டது. மாமா அவசரத்தில் அடிபட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினார். அன்றைக்கு ரெண்டு எண்ணுவதற்குள் பேய் வந்து நின்றாள். ஒருத்தரும் அலறவில்லை. பின்னால் எவனோ, "வாம்மா, சாப்பிட்டியா?" என்றான். கொட்டகையே சிரித்தது.

மேனேஜர் கேபினுக்கு ஏறி வந்தார். "என்னடே இது? நேத்து வரைக்கும் அலறுனானுவ, இன்னைக்குச் சோடா குடிக்கானுவ. அந்தப் பேயை என்னடே பண்ணுனே?"

மாமா குப்பைப் பெட்டியைக் கவிழ்த்து அந்தக் கறுப்புத் துண்டைத் தேடி எடுத்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். பூக்காரி மாதிரி முழம் போட்டார். மூன்று முழம். திரும்ப ஒட்டினார், மறுநாள் ஜனங்கள் திரும்ப அலறினார்கள். பயம் பேயிடம் இல்லை, அந்த மூன்று முழத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. இருட்டில் நமக்குள்ளே நாம்தான் பேயைச் செய்கிறோம். அவன் அதற்கு நேரம் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் சித்திக்கு நிச்சயம் ஆகியிருந்தது. சித்தி அம்மாவின் கடைசித் தங்கை, பத்தொன்பது வயது. மாப்பிள்ளை வடகரைக்காரர். வயலும் தென்னந்தோப்பும் உண்டு, நாற்பது வயதும் உண்டு. முதல் மனைவி கிணற்றில் விழுந்து செத்துப் போயிருந்தாள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். நகை எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னார். என் தாத்தாவுக்கு அதற்கு மேல் வேறு பொருத்தம் பார்க்கத் தேவைப்படவில்லை. "எனக்கு வேண்டாம்பா" என்று சித்தி மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது தாத்தா சோற்றுத் தட்டை எடுத்து முற்றத்தில் வீசினார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா கல்யாணப் புடவை எடுக்கத் தென்காசிக்கு வந்தாள். வந்த இடத்தில் எல்லோரும் பகல் காட்சிக்குப் போனோம். சித்திக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் அந்த அக்கா. இடைவேளையில் டிரெய்லர் ஓடியது. எனக்கு வேடிக்கை காட்ட வேண்டும் என்று கை அரித்தது. இருட்டு வந்ததும் எண்ணினேன். அஞ்சு என்றதும் சித்தியின் மேல்கையில் நகம் பதியக் கிள்ளினேன்.

கொட்டகை அலறியது, சித்தியும் அலறினாள். கொட்டகை நிறுத்திவிட்டது, சித்தி நிறுத்தவில்லை. விளக்கைப் போட்டார்கள். அவள் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டினாள். பிறகு அந்த அக்காவின் பக்கம் திரும்பி, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "மைனி, அந்த வீட்டுக்கு நான் ஒருக்க வந்தவ. மறுபடி என்னைக் கூப்பிடாதிய" என்றாள்.

அக்காவின் கையிலிருந்த சோடா பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

செத்துப்போன முதல் மனைவிதான் அந்த நாத்தனாரை மைனி என்று கூப்பிடுவாளாம். அக்கா புடவை எடுக்காமலே வடகரைக்கு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் வடகரையிலிருந்து ஆள் வந்து தாத்தாவிடம் சொன்னான்: "பேயை எறக்கிட்டுச் சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி. எறங்கலைன்னா நிச்சயம் முறிஞ்சுதுன்னு வச்சுக்கிடுங்க."

நான் கிள்ளியதால்தான் சித்திக்குள் பேய் புகுந்துவிட்டது என்று நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தேன். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். சித்தி தனியாக உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கித் தின்றுகொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கொண்டை ஒழுங்காக இருந்தது. வாசலில் தாத்தா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கொண்டையை அவிழ்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். பேய்க்கும் சாப்பாட்டு நேரத்தில் லீவு உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அறிவாளி நான்.

ஆடி வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் குற்றாலத்தில் சிற்றருவிப் பக்கம் வைத்துப் பேயை இறக்கலாம் என்றார் தாத்தா கூட்டி வந்த கோடாங்கி. நல்ல சாரல். நாங்களும் மாப்பிள்ளையின் அக்காவும் ஒரு மரத்தடியில் நின்றோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்தவர்கள் தலையில் துண்டோடு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். சித்தியை நடுவில் உட்காரவைத்தார்கள்.

கோடாங்கி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு உடுக்கையைப் பைய அடித்தார். முன்னால் வரவேயில்லை. பின்னாலேயே நடந்தார். சித்தி திரும்பினால் அவரும் நகர்ந்துகொள்வார். கற்பூரத்தை அவள் ஒரு கண்ணுக்குப் பக்கத்தில் காட்டினார். எடுத்தார். மறு கண்ணுக்குக் காட்டினார். எடுத்தார். உடுக்கை வேகம் பிடித்தது. திடீரென்று நிறுத்தினார். அருவி இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு "போறியாட்டீ!" என்று ஒரு கத்தல், வேப்பங்குழையால் முதுகில் ஓங்கி ஒரு அடி. கூட்டமே துள்ளியது.

"போகமாட்டேன்" என்றாள் சித்தி.

இரண்டாவது தடவையும் அதே மாதிரி. இந்த முறை அடி கன்னத்தில் விழுந்தது. உதட்டோரம் ரத்தம். "போகமாட்டேன். அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆளை நான் பத்து நாளாகத் தினமும் பார்த்திருக்கிறேனே! முதுகுக்குப் பின்னால் நடப்பது, கண்ணைக் காட்டுவது, மேளத்தை ஓட்டுவது, நிறுத்துவது. எல்லாம் டிரெய்லர்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்தச் சின்ன வித்தைக்கா என் சித்தியின் வாயிலிருந்து ரத்தம் வரவேண்டும்?

மூன்றாவது தடவை உடுக்கை வேகமெடுத்ததும் நான் சத்தமாகச் சொன்னேன்: "இந்தா, இப்ப நிறுத்துவாரு."

நிறுத்தினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... இப்ப கத்துவாரு பாருங்க!"

ஓங்கிய கை நின்றுவிட்டது. கத்த வாயெடுத்தவர் என்னைப் பார்த்தார். துண்டு கட்டிய ஒரு மனுஷன் முதலில் சிரித்தான். பிறகு பெண்கள் சிரித்தார்கள். "யாரு வீட்டுப் புள்ளட்டீ இது? கோடாங்கிக்கே தாளம் போடுதா!" என்றாள் ஒருத்தி.

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். நான் குனிந்து தப்பித்து ஓடிப்போய்ச் சித்தியின் ரவிக்கைக் கையை மேலே தள்ளி அந்த நகத் தழும்பைக் காட்டினேன். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல! கொட்டகையில நான்தான் கிள்ளுனேன்! அதுலதான் பயந்துட்டா! சித்தியை அடிக்காதிய!" என்று அழுதேன்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. "ஏட்டி, சும்மா இரு. ஒன் காலைப் பிடிக்கேன், சும்மா இரு" என்று என் காதுக்குள் சொன்னாள். அது அவளுடைய சொந்தக் குரல். பிறகு அவசர அவசரமாகத் தலையைச் சுற்றி ஆட்டினாள். "மைனி... மைனி, நான் ஒருக்க வந்தவ..." என்றாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். சிரிப்பும் கூடியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளையின் அக்கா நெஞ்சில் கைவைத்துப் பெரிய மூச்சாக விட்டாள். "நல்ல வெளாட்டு வெளாடினே போ! நான் என்னமோ ஏதோன்னு நெனைச்சுப் பதறிட்டேன். அப்ப ஆவணியில மொத முகூர்த்தத்திலேயே வச்சிருவோம், என்ன அண்ணாச்சி?" என்றாள். தாத்தா எல்லாப் பல்லையும் காட்டித் தலையாட்டினார். கோடாங்கி, கிள்ளின வழியாக வந்த பேய் வந்த வழியாகவே போய்விட்டது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, பலிக்குக் கொண்டுவந்த சேவலை மறக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அந்தச் சேவலாவது தப்பித்ததா என்று தெரியாது. சித்தி தப்பிக்கவில்லை. அந்த மனுஷன் சாகும்வரை பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். இடது காது கேட்காமல் திரும்பி வந்தாள். சாரல் காற்று பட்டுக் காது அடைத்துவிட்டது என்றார்கள். சாரல் ஒரு காதில் மட்டுமா அடிக்கும்? தாத்தாவுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. முதல் மனைவி எந்தக் கிணற்றில், எப்படி விழுந்தாள் என்ற கேள்வியும் வரவில்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில் அத்தனை பேர் நின்றார்கள். செத்தவளுக்கு எல்லோரும் பயந்தார்கள். அவளைக் கட்டியிருந்தவனுக்கு ஒருத்தர்கூடப் பயப்படவில்லை. பேய் என்றால் நம்புவார்கள். பெண் சொன்னால் தட்டை வீசுவார்கள். தூத்தேறி!

அவர்களைத் திட்டி முடித்தால் அடுத்து என்னை நானே திட்டும் முறை. அறுபது வயது தாண்டியும் அது இன்னும் முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொஞ்சியது. மாப்பிள்ளையின் அக்கா என் கன்னத்தைத் தட்டிச் சூடாக ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். "வந்தது வந்தோம், எல்லாரும் குளிச்சிட்டுப் போவோம்" என்றார்கள். பெண்கள் எல்லோரும் அருவிக்கு ஓடினார்கள். சித்திதான் முதலில் போனாள். இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கனமாக விழுகிற இடமாகப் பார்த்து நின்றாள். மற்றவர்கள் மாறி மாறி வெளியே வந்து தலை துவட்டினார்கள். அவள் வரவில்லை. "விடுங்க, நல்லாக் குளிக்கட்டும், புள்ளைக்குப் பிடிச்ச பீடையெல்லாம் போகட்டும்" என்றாள் அம்மா.

நான் பஜ்ஜியோடு பாறை ஓரத்தில் நின்று பார்த்தேன். தண்ணீருக்குள் சித்தியின் முகம் மேலே நிமிர்ந்திருந்தது. வாய் அகலமாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. அருவி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறாள் என்று நினைத்து, நானும் கை தட்டிக் குதித்தேன்.