மூன்றாம் ஓலை

மடித்த காகிதத்தை மைக்குக்கு முன்னால் பிரித்தால் ஒரு சத்தம் வரும், காய்ந்த வாழைச் சருகை யாரோ மிதித்த மாதிரி. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் போனதே அந்தச் சத்தத்துக்காகத்தான் என்று சொன்னால் சாமியார்கள் மன்னிக்க வேண்டும். பிரசங்கத்தில் தூங்கி வழிந்து, நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் அம்மாவின் கிள்ளலுக்கு விழித்து, கடைசி ஆசீருக்கு முன்னால் பங்குச் சாமியார் அங்கியை ஒதுக்கிச் சட்டைப்பைக்குள் கைவிட்டதும் நிமிர்ந்து உட்காருவேன். என்னோடு கோயில் முழுவதும் நிமிரும். கோமுகி அணைக்குக் கீழே, கல்வராயன் மலையைப் பார்த்தபடி கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கிடந்த, சாமியார் ஞாயிறு மட்டும் வந்துபோகிற எங்கள் கிளைப்பங்குக்குச் செய்தித்தாள் ஒன்றே ஒன்று, மத்தியானத்துக்கு மேல் டீக்கடைக்கு வரும், சில நாள் வராது. எங்களுக்கு வேண்டிய செய்தியெல்லாம் அந்தச் சட்டைப்பையில்தான் வந்தது. யாருக்கு முப்பதாம் நாள் பூசை, எந்தத் தெருக்காரர்கள் அடுத்த வாரம் கோயில் கூட்ட வேண்டும், காணாமல் போன வெள்ளாடு யார் 'வூட்டில்' கட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓலை.

கல்யாணம் நிச்சயமானால் பெண், மாப்பிள்ளை இருவரின் பெயரையும் அவரவர் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஏதோ ஒரு காலத்தில் பனையோலையில் எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது, காகிதம் வந்த பிறகும் அதற்கு ஓலை என்றே பெயர். வாசித்து முடித்ததும், இவர்கள் மணமுடிக்கத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லிச் சாமியார் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சுக்குள் கோயிலே திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஒருவரும் வாய் திறந்ததில்லை, தடை என்று ஒன்று இருந்தால் அது எப்போதோ சாமியார் காதுக்குப் போயிருக்கும். ஓலையிலும் ஒரு வரிசை உண்டு. எங்கள் தெருப் பெயர்கள் முதலில், காலனிப் பெயர்கள் கடைசியில். காலனிப் பெண்கள் உட்காருவதும் கோயிலின் பக்கச் சிறகில்தான். அதெல்லாம் ஆண்டவரே வைத்த ஏற்பாடு என்று வெகுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லூர்து அக்காவின் பெயர் ஓலையில் வந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு. மாப்பிள்ளை சின்னப்பன், சின்னசேலத்துப் பக்கம், வேறொரு பங்கு. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறவர். நிச்சயத்தன்று அவர் அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி: "காப்பி நீ போட்டதா?" அக்கா தலையாட்டினாள். "சக்கர கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் ஒரு மாதம் சிரித்தோம். அதன் பிறகு அவர் எங்கள் ஊர் முனையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார், அக்கா செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். முதல் ஓலை வாசித்தபோது முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி என் விரலைப் பிடித்து நெரித்தாள். இரண்டாம் ஓலைக்கும் அப்படியே. வலது கையில் வலி போகாததால் மூன்றாவதற்கு இடது கையைக் கொடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு சாமியார் வரவில்லை. எங்கள் சாதிக்கு வேலையிலும் படிப்பிலும் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் என்று அதற்கு முன்பே ஊரில் பேச்சு இருந்தது. சாலை மறியலுக்குச் சங்கத்துக்காரர்கள் 'வூட்டுக்கு ஓராள்' கேட்டு வந்தார்கள். கோயிலுக்குப் போகிற எங்கள் வகையறாவுக்கு அந்தச் சலுகை வந்து சேருமா, சேராதா என்பது கேட்டவர்களுக்கும் தெரியாது, போனவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் திருநீறு பூசுகிறவர்கள், வரமாட்டோம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? "படிச்ச புள்ளைங்களுக்கு ஒரு வேல கெடைக்கும்னா, நாம நாலு மரம் வெட்டறதுல இன்னா கொறஞ்சிப் போவுது?" என்று அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு போனார். சாலையோரத்துப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே விழுந்தன. அந்த வாரம் முழுக்க ஊரில் பச்சை மரத்தின் வாடை. பஸ் இல்லை, தபால் இல்லை, டீக்கடைக்கு அந்த ஒரு செய்தித்தாளும் இல்லை. குழந்தைகளாகிய நாங்கள் விழுந்த மரங்களில் ஏறிப் புளியம்பிஞ்சு தின்றோம். சில ஊர்களில் காலனிக் கூரைகளுக்கு நெருப்பு வைத்துவிட்டார்களாம். எங்கள் ஊரில் அது நடக்கவில்லை என்றாலும், காலனிக்காரர்கள் எங்கள் தெரு வழியாகத் தண்ணீருக்குக்கூட வரவில்லை.

பிறகு போலீஸ் வேன்கள் வந்தன. அப்பா, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மிக்கேல், கோடரி பிடித்தவர், பிடிக்காதவர் என எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் ஒளிந்துகொள்ள மலையேறிவிட்டார்கள். ஊரில் மிச்சமிருந்தது பெண்களும் பிள்ளைகளும் நடமாட முடியாத கிழவர்களும்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் காலனி சகாயமேரி வாய்க்கால் கரையோடு நடந்து வந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றாள். எங்கள் கொல்லையில் களையெடுக்க வருகிறவள். அவள் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது சின்னப்பன் ஊர்க் காலனியில், கூரை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவள் வேறொரு சேதியோடு திரும்பியிருந்தாள். சாலைப் பக்கம் சாய வேண்டிய மரம் முறுக்கிக்கொண்டு மறுபக்கம் விழுந்ததாம். சின்னப்பன் அடியில் இருந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இருந்தது, வழிதான் இல்லை. அவர்களே வெட்டிப் போட்ட மரங்கள் வழியெல்லாம் கிடந்தன. "மண்ணுக்குள்ள வச்சி நாலு நாளு ஆவுதும்மா" என்று சகாயமேரி அம்மாவிடம் சொல்லி அழுதாள். அக்கா மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள்.

அவள் வாய் திறக்கும் முன்னே அம்மா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தியதை நான் பார்த்தேன். "ரெண்டு ஓலதாண்டி ஆயிருக்குது. ரெண்டு ஓலைக்கு ஒண்ணுமில்ல. சத்தம் போட்டு அழுது ஒந்தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்காத." அன்றைக்கு அம்மாவை வெறுத்தேன். இப்போது எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அம்மாவின் பயம் புரிகிறது, ஆனாலும் அந்தக் கையை மறக்க முடியவில்லை. செத்தவருக்கு அக்கா யார்? பெண்டாட்டி இல்லை, சொந்தமும் இல்லை. அழுவதற்குக்கூட ஒரு உறவு வேண்டியிருந்தது, அந்த உறவு ஓர் ஓலை தூரத்தில் நின்றுபோயிருந்தது. அவள் சாணி அள்ளினாள், தண்ணீர் சேந்தினாள், சோறு தின்னும்போது மட்டும் பாதியில் எழுந்து போனாள். யாரிடமும் சொல்லாத சேதி இதற்குள் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாமியார் வந்தார். பாதி மரங்களைத்தான் அகற்றியிருந்தார்கள், மிச்ச இடங்களில் மோட்டார் சைக்கிளை ஆள் வைத்துத் தூக்கித் தாண்டி, அங்கி கிழிந்து, வெகு நேரம் தாமதமாக வந்து நேரே பீடத்துக்குப் போய்விட்டார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் பீடத்துக்குப் பின்னாலிருந்த சக்கிறீஸ்து அறையில் அவருக்கு உடை மாட்டிவிட்டபடியே ஊர்ச் செய்தி அனைத்தையும் காதில் போட்டுவிடுவார். அன்று உபதேசியார் மலையில். பெண்கள் அந்த அறை வாசலை மிதிக்கும் வழக்கமே இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள், நான் உட்பட.

காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது. சவரிமுத்து மகள் லூர்துமேரிக்கும் என்று அவர் தொடங்கியதும் நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கல்லாகிவிட்டாள். கோயில் முழுக்கப் பெண்கள், எல்லாருக்கும் தெரியும், பூசையில் சாமியாரை இடைமறிக்க ஒருத்திக்கும் நாக்கு எழவில்லை. செத்துப்போனவரின் பெயரை, அவர் அப்பா பெயரோடும் ஊரோடும் பங்கோடும், நிறுத்தி நிதானமாக வாசித்து, "இது மூன்றாம் ஓலை" என்றார். வழக்கம்போலத் தடை உண்டா என்று கேட்டு ஒரு மூச்சு நிறுத்தினார். என் இடது கை அக்காவுக்காக மடியில் காத்திருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"தட இருக்குதுங்க சாமி" என்றாள். "அவரு செத்துப் பூட்டாருங்க. மரம் வுழுந்துடிச்சுங்க."

சாமியார் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு யாரும் சொல்லலியேம்மா" என்றார், மைக்கில், அது வெளியே குழாயிலும் ஊருக்கெல்லாம் கேட்டது. அப்போதுதான் அக்கா அழுதாள். அத்தனை நாள் அடக்கியதையும் சேர்த்து, தலையில் அடித்துக்கொண்டு, பெண்டாட்டி அழுகிற அழுகை. அம்மா இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. பக்கச் சிறகிலிருந்து சகாயமேரி எழுந்து நடுக்கோயிலுக்குள் நடந்து வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தோம். அக்கா அழுத அன்று சாமியார் பீடத்தைவிட்டு இறங்கி வந்து, அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு இறந்தவர் செபம் சொன்னார்.

ஆண்கள் மலையிலிருந்து திரும்பி, போலீஸ் வழக்கெல்லாம் ஓய்ந்த பின் அக்காவுக்கு வேறு மாப்பிள்ளைகள் வந்தார்கள். அக்கா மாட்டேன் என்றாள். அப்பா மிரட்டினார், கெஞ்சினார். "எனக்கு மூணு ஓலையும் வாசிச்சாச்சுப்பா. இனிமே இன்னாத்த வாசிப்பாங்க?" என்றாள். ஓலை கல்யாணம் ஆகாது, அதுவும் செத்தவரோடு ஒரு பந்தமும் இல்லை என்று சாமியாரே வந்து விளக்கினார். "செரிங்க சாமி" என்று காப்பி கொடுத்து அனுப்பினாள். பால்வாடியில் வேலை பார்த்தாள், அம்மா அப்பாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினாள், அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அகலமாக்கிய சாலையில் புளியமரம் என்று ஒன்றுகூட இல்லை. பூசை அறிவிப்பெல்லாம் இப்போது பங்கு வாட்ஸ்அப்பில் சனிக்கிழமையே வந்துவிடுகிறது. சாமியார் ஓலை வாசிக்கும்போது கோயிலில் பாதி காலி, தடை கேட்கிற மூச்சு நிறுத்தலும் இல்லை, மிச்சமிருப்பவர்களும் கேட்டுக்கொண்டே பைக்கை எடுக்கப் போகிறார்கள். அன்று எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு மூன்றாம் ஓலை. பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்கு வராமல் நேரே அந்தப் பெண் வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். மூன்றாம் ஓலை யாருக்கு வாசித்தாலும் அவள் இப்படிப் போவதுண்டாம். எனக்கு அதுவரை தெரியாது.

"மாப்ள வூட்லேர்ந்து சேதி வந்துதா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "இப்பக்கூட அவருகிட்டதான் பேசிக்கினு கீறேன் ஆயா" என்று செல்போனைத் திருப்பிக் காட்டினாள். ஓசூரில் கம்பெனி உடையில் ஒரு பையன், தலைவாரிக்கொண்டு சிரித்தபடி இருந்தான். அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா கீறியாப்பா?"

"நல்லாருக்கேங்க ஆயா. நீங்க யாரு, தெரியலியே?"

அக்கா "பாத்து வந்து சேருப்பா" என்று மட்டும் சொல்லி, கண்ணீர் சொட்டியிருந்த திரையை முந்தானையால் துடைத்துப் பெண்ணிடம் கொடுத்தாள்.