கொக்கிப்புழு எண்ணப் போன ஊருக்கு மறுபடியும்

தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். ஞாயிறு முகூர்த்தம், திங்கள் இரவு ரயில். நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. உடன் வந்தவர்கள் கோயில் பார்க்கக் கிளம்ப, நான் மன்னார்குடி பஸ்ஸில் ஏறினேன். எழுபதுகளின் தொடக்கத்தில், புள்ளியியல் படித்து முடித்த கையோடு, மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது படித்தால் புரிந்துவிடும்.

பஸ் காலை ஏழே காலுக்குக் கிளம்பியது. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய், தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம் நின்றோம். (அந்த இருபது நிமிஷத்தையும் சேர்த்தே உங்கள் நேரத்தைத் திட்டமிடுங்கள்.) அன்றைக்கும் எங்கள் ஜீப் இதே கேட்டில்தான் நிற்கும். எங்கள் குழுவை நடத்திய டாக்டர் இறங்கி வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, தன் கையாலேயே நறுக்கி எல்லோருக்கும் கொடுப்பார். அவ்வளவு எளிமையான மனிதர். வயலில் வேலை செய்பவர்களிடம் கொக்கிப்புழு எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் வேலை. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோல் வழியே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. வீட்டுக்கு வீடு மூடி போட்ட சின்னத் தகர டப்பாக்களைக் கொடுத்து, மறுநாள் காலை மலத்தோடு திரும்ப வாங்க வேண்டும். இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு எப்படிப்பட்ட முதல் வேலை, பாருங்கள்!

நாங்கள் போன நேரம் சரியில்லை. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. வாய்க்காலுக்கு வடக்கே மிராசுதார் வீடுகள், தெற்கே கூலிக்காரர்கள் தெரு. நடுவில் ஒரு மூங்கில் பாலம். அதை யாருமே தாண்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். எங்கள் ஜீப்பைப் பார்த்ததுமே தெற்குத் தெரு ஆண்கள் வயலுக்குள் இறங்கி ஓடிவிட்டார்கள்.

அந்தத் தெருவில் முதலில் பேச வந்தவள் அஞ்சம்மாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள், கல்யாணமாகி ஒரு வருஷம். பாலத்திலிருந்து பத்தடி நடந்து வருவதற்குள் மூச்சு வாங்கியது. கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு என்ன நோய் என்று சொல்ல எந்த டப்பாவும் வேண்டாம்.

"மாத்திரை தர்றோம், டப்பாவை மட்டும் குடுங்க" என்றேன்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா. வடக்குத் தெருவுல வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எங்களுக்குத்தான் அழுக்கு நோயின்னு எழுதிக்கிட்டுப் போகத்தான வந்தீங்க? அவுங்க குடுக்கட்டும், நாங்க குடுக்குறோம். அதுவரைக்கும் டப்பாவும் வேணாம், மாத்திரையும் வேணாம்."

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை.

டாக்டரும் முதலிலிருந்தே இரண்டு தெருவும் வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "சேத்துல எறங்குறவங்களையும் எறங்காதவங்களையும் ஒரே மாதிரி எண்ணினாத்தாம்மா எதனால வருதுன்னு தெரியும். குடுக்காதவங்கள விட்டுட்டுக் கணக்குப் போட்டா, அந்தக் கணக்கு பொய் சொல்லும்" என்பார். ஆனால் வடக்குத் தெருவில் பெரிய மிராசுதார் எங்களை வாசலோடு அனுப்பிவிட்டார். "எங்க வீட்டுதையும் அவங்க வீட்டுதையும் ஒரே பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போவீங்களோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலு நாள் போயிற்று. அஞ்சம்மாளால் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை. வழியில் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. மிராசுதார் வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் போய் அவர் மனைவி காமாட்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைநிறுத்தத்துக்கு முன்னால் அஞ்சம்மாள் அந்த வீட்டில் நெல் அவிக்க வந்துகொண்டிருந்தவள்.

"அவளுக்கு அவ்வளவு முடியலையா?" என்று மட்டும் கேட்டார். டப்பாவை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நாங்கள் பாலத்தருகே நிற்கிறோம். காமாட்சியம்மாள் தலைக்குக் குளித்து, பட்டுக்கரைப் புடவை கட்டி, அந்த டப்பாவை வலது கையில் பிடித்தபடி பாலத்தைத் தாண்டி வந்தார். வடக்குத் தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. மிராசுதார் திகைத்துப் போய் நின்றார். அம்மாள் நேராக அஞ்சம்மாளின் குடிசைக்குப் போய், எல்லார் முன்னாலும் டப்பாவை என் பெட்டியில் வைத்தார்.

"நான் குடுத்துட்டேன்டி. இப்ப நீ குடு. மாத்திரையத் தின்னு."

அஞ்சம்மாள் அவரைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு முட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காமாட்சியம்மாளும் சிரித்துவிட்டார். அந்த வாரமே இரண்டு தெருவிலிருந்தும் டப்பாக்கள் வந்து சேர்ந்தன. தெற்கே மிக அதிகம், வடக்கே குறைவு. ஆனால் வடக்கே இல்லாமல் இல்லை. காமாட்சியம்மாளுக்கே இருந்தது. இருவரும் ஒரே மாத்திரையைத்தான் சாப்பிட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது அஞ்சம்மாள் குடத்தோடு பாலத்தில் நின்று கையசைத்தாள். அந்த முகம்தான் என்னுடனேயே இருந்தது. சென்னையில் பின்னாளில் எத்தனையோ வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

மன்னார்குடியில் டவுன் பஸ் மாறினேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் மூன்று கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய்.

"யாரு வீட்டுக்குங்க?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"அஞ்சம்மாள்னு ஒருத்தவங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும்."

"நாலு அஞ்சம்மா இருக்காங்களே! விவசாயத் தொழிலாளர் சங்கத்து அஞ்சம்மாவா?"

அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது, எல்லாம் மெஷின்தான். மூங்கில் பாலம் இருந்த இடத்தில் சிமென்ட் பாலம். தெற்குத் தெருவில் மாடி வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் கக்கூஸ். அஞ்சம்மாள் வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"டப்பா டாக்டரம்மா!"

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். காமாட்சியம்மாள் இறந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். கடைசிவரை இருவரும் அந்தக் காலையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். காபி குடித்துக்கொண்டே, அந்த மாத்திரையில் உடம்பு தேறிவிட்டதல்லவா என்று சந்தோஷமாகக் கேட்டேன்.

"தேறிடுச்சு. மறு நடவுக்குச் சேத்துல எறங்குனேன், திரும்ப வந்துடுச்சு." சாதாரணமாகத்தான் சொன்னாள். "மொத புள்ள அதுலயே போச்சு. ரத்தமே இல்லன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் மூணு பெத்தேன், நல்லாருக்காங்க. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்க வருவோம்னு ஒங்க டாக்டரு சொன்னாரே. நாங்க ஜீப்பு வருமா வருமான்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

டாக்டர் அப்படித்தான் நினைத்திருந்தார். ஒரு நாள் போய் எண்ணினால், அன்றைக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்றுதான் தெரியும். குணமானவர்களில் எத்தனை பேருக்குப் புதிதாக வருகிறது என்று தெரிய, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வருஷம் கலவரம் முற்றியது, பணமும் வரவில்லை. திட்டத்தை மூடிவிட்டார்கள். என் வகுப்புகளில் அவள் எப்போதும் குடத்தோடு கையசைத்துக்கொண்டே நின்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவாதீங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றாள். வாழைக்காய் வறுவல், மொச்சைக் குழம்பு. இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசியில் போங்கள், வெயில் தாங்கும். உள்ளூர்களுக்கு டவுன் பஸ் ஒரு மணிக்கு ஒன்றுதான், தண்ணீர் எடுத்துப் போங்கள். கூத்தாநல்லூர் வரை போனால் பிரியாணியும், நேரம் இருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுச் சவாரியும் உண்டு. நான் இரண்டுக்கும் போகவில்லை. மெயின் ரோடு வரை ஆட்டோவில் கூடவே வந்த அஞ்சம்மாளோடு, மூன்றரை மணி பஸ் வரும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் வந்ததும் அவள் கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னாள்:

"தம்பி, எங்க டாக்டரம்மா. மன்னார்குடியில பாத்து எறக்கிவிடு."

இந்த முறை நான் மறுக்கவில்லை.