கிரில்லில் வெட்டிய கதவு

உஷாராணி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்து கொடுக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் நான் வாடிக்கையாளர்களிடம் பேசுவேன், அவள் வரைவாள். குர்காவ்னில் ஒருவர் கண்ணாடி மாடிப்படி கேட்டால், அதற்கு அடியில் கேட்காத இரும்பையும் சேர்த்து வரைந்து வைப்பாள். டெல்லி ஜனக்புரியில் அவள் குடியிருப்பது முதல் மாடி. திருட்டுக்குப் பயந்து பால்கனி முழுக்கக் கிரில் போட்டிருந்தாள். "கிளிக்கூண்டுக்குக்கூட ஒரு கதவு வைப்பாங்கடி" என்று கேலி செய்வேன்.

நேர் கீழ்வீட்டில் கல்யாணராமன் சாரும் காமாக்ஷி மாமியும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய படங்களைப் பார்த்து, சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்க்க ஆசைப்பட்டு, வேலையை எங்களிடம் கொடுத்தார்கள். உஷா படித்துப் படித்துச் சொன்னாள்.

"சார், பழைய கட்டடம், தூண் கிடையாது. அந்தச் சுவர்தான் எங்க வீட்டைத் தாங்குது. முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் ஏத்தின அப்புறம்தான் அதைத் தொடணும்."

எங்கள் கான்ட்ராக்டர் இஸ்மாயில் கர்டருக்குச் சொல்லியிருந்தார். அது வருவதற்குள் ஆடி பிறந்துவிடுமே! ஆடியில் வீட்டு வேலை தொடங்கலாமா? ஆனி கடைசி நாளில், நல்ல நேரத்தில், சாஸ்திரத்துக்கு இரண்டு செங்கல் எடுத்துவிட்டால் ஆனியிலேயே ஆரம்பித்த கணக்கு என்று சார் நினைத்தார். எங்களிடம் மூச்சு விடாமல் கூலியாட்கள் இருவரைக் கூட்டி வந்து, தேங்காய் உடைத்து, சுவரைக் காட்டிவிட்டு மாமியோடு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு செங்கலுக்கு முழுநாள் கூலி யார் கொடுப்பார்கள்? அவர்கள் சுவரையே இறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் அப்போது கரோல் பாகில் அலமாரிக் கைப்பிடி பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் தனியாக இருந்த உஷாவின் மகள் அகல்யா போன் செய்தாள்.

"அம்மா, கீழே யாரோ சுவரை உடைக்கறாங்க. என் பெட் ஆடுது."

"வெளியே போ! ஜல்தி!"

சற்று நேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. "கதவு திறக்க மாட்டேங்குதும்மா. ஜாம் ஆயிடுச்சு."

தரை இறங்கி வாசல் நிலையை நெரித்துவிட்டது என்று உஷாவுக்குப் புரிந்தது. "பால்கனிக்குப் போய்க் கத்து" என்றாள். சொன்ன பிறகுதான் கிரில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை.

மெட்ரோவில் ஏறியதும் என் போனில் சாரை அழைத்துப் பார்த்தேன். கோயிலில் இருந்தவர் எடுக்கவில்லை. இஸ்மாயில் மட்டும் முட்டுகளோடு கிளம்புவதாகச் சொன்னார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடும்போது, இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். "பேசிக்கிட்டே இரு கண்ணு, எதையாவது பேசு" என்று போனில் கெஞ்சிக்கொண்டே வந்தாள் உஷா.

போய்ச் சேர்ந்தபோது கூலியாட்கள் வாசலில் நின்றார்கள். தலையில் காரை விழுந்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். சுவரில் பாதி இல்லை. மேல்தளத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மாடியில் அகல்யா கிரில்லைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். இஸ்மாயில் முட்டுகளை இறக்கிவிட்டார், ஆனால் ஆட்கள் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.

லிஃப்டில் ஏறவே நடுங்கும் உஷா, விடுவிடுவென்று உள்ளே போனாள். விரிசலுக்கு நேர் கீழே நின்று, "இஸ்மாயில் பாய், முதல்ல இங்கே ஒண்ணு" என்று காட்டினாள். அதைப் பார்த்து இஸ்மாயில் போனார், மற்றவர்களும் போனார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கடைசி முட்டு இறுகியதும் மேலே போய்க் கதவின் கீலை அறுத்தார்கள். அகல்யா அம்மாவைக் கட்டிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. படியிறங்கி ஓடி, தெருவில் போய் நின்றாள்.

கையில் பிரசாதத்தோடு வந்த சார், பாதிச் சுவரைப் பார்த்தபடி நின்றார். "ரெண்டு செங்கல்தானேம்மா எடுக்கச் சொன்னேன்..." உஷா அகல்யாவிடம் போய்விட்டாள்.

ஆவணிக்குள் கர்டர் ஏற்றி வேலை முடிந்தது. கீழ்வீடு மகன் அனுப்பிய படம் போலவே இருக்கிறது. அதற்கு முன்பே உஷா தன் கிரில்லில் ஒரு கதவு வெட்டிவிட்டாள். பூட்டு கிடையாது, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். திருடன் வந்தால் என்று கேட்டால், "வரட்டும்" என்கிறாள்.

நான் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. அகல்யா கட்டிலை விட்டுவிட்டு, தினமும் அந்தக் கிரில் கதவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துத்தான் தூங்குகிறாள்.